வில்லன்களின் மூஞ்சி

பெரியவர்களுக்கான புது காமிக்ஸைப் படித்துவிட்டு முதலாளி சிரித்த சிரிப்பில், பதிப்பகத்தின் கூரையே ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது.

"என் வழுக்கை, என் மீசை! என்னையே ஹீரோவா வரைஞ்சிட்டியேய்யா!"

வேலையே போனாலும் சரி, இவருக்கு உறைக்கட்டும் என்றுதான் ஓவியர் அப்படி வரைந்திருந்தார்.

"கதை சொல்றது வில்லன்கள் சார். ஹீரோ ஒவ்வொருத்தர் கழுத்தையா அறுத்துட்டு வர்றான்."

"அறுக்கட்டுமே! ஒவ்வொண்ணும் அசல் அயோக்கிய மூஞ்சி. எங்கேய்யா பிடிச்சே?"

"இங்கதான் சார். வருஷக்கணக்கா உங்க பக்கத்து ரூம்ல உட்கார்ந்து வரைஞ்சவங்க. போன மாசம் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, நாளையிலேர்ந்து வரவேண்டாம்னீங்களே, அவங்கதான்."

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாக உற்றுப் பார்த்தார்.

"அப்படியா? ஒருத்தனையும் பார்த்த ஞாபகமே இல்லையே!"