புடலங்காயில் கட்டிய கடிகாரம்

விருப்ப ஓய்வில் வந்த ஞானசுந்தரிக்கு ஆர்மோனியமும் வரவில்லை, நீச்சலும் வரவில்லை. புடலங்கொடிதான் வந்தது. இரண்டாம் மாடி பால்கனியில் தொட்டி வைத்துக் கம்பியில் கொடியேற்றி, முதல் பிஞ்சைக் கண்ட அன்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவினாள். பிஞ்சு சுருளாமல் நேராக வளர நுனியில் கல் கட்ட வேண்டும். அடுக்குமாடியில் கல்லுக்கு எங்கே போவது? அலுவலகத்தில் வழியனுப்பும்போது கொடுத்த கைக்கடிகாரத்தைக் கட்டித் தொங்கவிட்டாள்.

காய் பால்கனிக்கு வெளியே இறங்கத் தொடங்கியது. தினமும் பல்கூடத் துலக்காமல் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பாள். கடிகாரம் ஓடிக்கொண்டே கீழே போய்க்கொண்டிருந்தது.

"முத்திட்டா கூட்டுக்கு ஆகாது, பறிச்சிடு" என்றார் கணவர் ஏகாம்பரம்.

"கை வச்சீங்கன்னா தெரியும்!"

ஒருநாள் காலை, அதுவரை அவளைப் பார்த்துச் சிரித்தேயிராத முதல் மாடிப் பெண் கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "அக்கா, பறிச்சிடாதீங்க. இதுல மணி பார்த்துத்தான் பிள்ளைய ஸ்கூலுக்குக் கிளப்புறேன்."

அடுத்த வாரம் அது அந்தப் பெண்ணின் பால்கனியையும் தாண்டிவிட்டது. ஞானசுந்தரி வயிறு அழுந்தக் கம்பியில் சாய்ந்து குனிந்தாள். அங்கிருந்து முள் தெரியவில்லை.

"மணி என்னம்மா ஆச்சு?"

"தரைக்கு இன்னும் ரெண்டு ஆள் உயரம் இருக்குக்கா!"

தரைத்தள வீட்டுக்காரர் அதற்குள் நாற்காலியைத் தூக்கிவந்து நேர்கீழே போட்டு, அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தார்.