மருந்தடிக்க விடாத வீடு

"விடமாட்டேன்னா விடமாட்டேன். என்ன பண்ணுவீங்க, கதவ ஒடைப்பீங்களா?"

டெய்லரக்கா வாசல மறிச்சுக்கிட்டு நின்னா. எதிர்ல, முதுகுல டப்பாவும் மூஞ்சில முகமூடியுமா பூச்சி மருந்து அடிக்கிறவரு. அவருக்குப் பின்னாடி அந்த மாடியில குடியிருக்குற அத்தன ஜனமும்.

அக்காவோட புருஷன் பிளம்பரு. வேலைக்குக் கெளம்பின மனுஷன், ஸ்பேனர் பையோட உள்ளயும் போக முடியாம வெளியவும் வர முடியாம, தொண்டையில சிக்கின முள்ளாட்டம் நின்னாரு.

மருந்துக்காரரு முகமூடிய எறக்கினாரு. "இங்க பாருங்க, அடிச்சா எல்லா வீட்டுக்கும் சேத்து அடிக்கணும். ஒரு வீட்ட விட்டா கரப்பானெல்லாம் அங்க குடியேறிட்டு, வாரம் திரும்பறதுக்குள்ள பழைய எடத்துக்கே வந்துரும். அப்புறம் என் பேருதான் நாறும். இந்தம்மா ஒத்துக்கலைன்னா நான் யாரு வீட்டுலயும் அடிக்கல."

"கேட்டீங்களா கதைய!" பக்கத்து வீட்டம்மா முன்னாடி வந்தாங்க. "இவ ஒருத்தியால நாம எல்லாரும் கரப்பானோட குடித்தனம் பண்ணணுமா? நேத்து என் தலகாணி மேலயே ஏறிருச்சு!"

"ஐயோ பாவம், அது எப்படிப் பயந்துச்சோ!"ன்னா டெய்லரக்கா.

கூட்டத்துல ரெண்டு பேரு சிரிச்சிட்டு, சட்டுனு வாய மூடிக்கிட்டாங்க.

அக்கா அதோட விடுவாளா? இடுப்புல கைய வச்சு, அந்தம்மா மாதிரியே மூக்கால இழுத்தா. "'தலகாணி மேலயே ஏறிருச்சூ...' சாப்பிட்ட தட்ட சிங்க்குல ஊறப்போட்டுட்டுத் தூங்கினா ஏறத்தான் செய்யும். சிங்க்க ஈரமில்லாம தொடைங்க. குப்பக்கூடைக்கு மூடி போடுங்க. பைப்பு வர்ற ஓட்டைய சிமெண்ட் வச்சு அடைங்க. வழியும் இல்ல, தண்ணியும் இல்லைன்னா அதுக்கு இங்க என்ன வேல?"

"எனக்கே பாடம் எடுக்குறியா? உள்ள விடமாட்டேங்கிறியே, அப்படி என்னடி ஒளிச்சு வச்சிருக்க? அவ்ளோ அழுக்கா?"

பிளம்பருக்கு சுருக்குன்னுச்சு. "விடும்மா, அடிச்சிட்டுப் போகட்டும்..."

"நீங்க சும்மா இருங்க. ஊரு வீட்டுக் குழாயெல்லாம் சரி பண்றீங்க, நம்ம சிங்க்குக்கு அடியில இருந்த ஓட்டைய நான்தான அடைச்சேன்?"

மருந்துக்காரரு தலைல அடிச்சுக்கிட்டு படி எறங்கிட்டாரு. பக்கத்து வீட்டம்மா, "அழுக்குப் புடிச்சவ!"ன்னு கத்திட்டு கதவ அறைஞ்சு சாத்தினாங்க.

உள்ள வந்ததும் பிளம்பரு பையத் தொப்புன்னு போட்டாரு. "இந்த மாடியிலயே சுத்தமான வீடு நம்ம வீடு. அதுக்கு இப்படி ஒரு பேரா? மானத்த வாங்கிட்டியே! நாளைக்கு அந்தாள நானே கூட்டிட்டு வர்றேன்."

"கூட்டிட்டு வாங்க. டப்பா ட்யூபுக்கும் என் கத்திரிக்கோலுக்கும் நல்ல பொருத்தம்."

கதவுல நகத்தால சொரண்டுற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டம்மாவோட மருமக. தைக்கக் குடுக்குற சாக்குல கையில ஒரு துணி. உள்ள வந்ததுதான் தாமதம், அழுதுட்டா.

"அண்ணே, அக்காவத் திட்டாதீங்க. நான்தான் கெஞ்சிக் கேட்டேன்."

"நீ எதுக்கும்மா?"

"மூணு மாசமா முழுகாம இருக்கேண்ணே. மருந்து வாடையே ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. முன்னாடி ரெண்டு தடவ அத்தை கிட்ட சொல்லி, ரெண்டும் தங்கல. அவங்க சோறு தண்ணி இல்லாம கெடந்தத என்னால பாக்க முடியல. இந்தத் தடவ நல்லா நெலச்சப்புறம் சொல்லலாம்னு..."

பிளம்பரு பொண்டாட்டியப் பாத்தாரு. அவ மெஷினுல இல்லாத நூலத் தேடிக்கிட்டிருந்தா.

வெளிய அதே மூக்குக் குரல். "ஏங்க பிளம்பரே! நீங்களாவது உங்க வீட்டுக்காரிக்குப் புத்தி சொல்றீங்களா இல்லையா?"

அந்த மாடியில தும்மலக்கூட அடக்கித் தும்முற மனுஷன், பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, கதவ விரியத் தொறந்தாரு.

"சொல்லியாச்சு! எங்க வீட்டுக்கு மட்டுமில்ல, உங்க வீட்டுக்கும் இனிமே எவனும் மருந்து டப்பாவோட வரக்கூடாது! நகருங்க, மொதல்ல உங்க சிங்க்கப் பாக்கணும்!"