எட்டாத தோள்

பலேர்மோவின் பழைய யூதத் தெருவிலுள்ள தேவாலயத்தில், பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலச் சிலைகள்மேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. இயேசுவை நோக்கிச் சாட்டை ஓங்கும் யூதனின் புருவத்துக்குக் கீர்த்திகன் கறுப்புப் பெயின்ட் தீட்டுகிறான். ஊர்க் கோயிலில் சூரன்போர்த் திருவிழாவுக்குச் சூரன் சிலையைத் தூக்கி ஆட்டியவன் அவன். "சூரனெண்டால் பாக்கேக்கையே பயம் வரவேணும்" என்று சிரிக்கிறான். வாசலில் நிற்கும் மனைவி ஞானம்பிகை சிரிக்கவில்லை. அவள் பராமரிக்கும் யூத மூதாட்டி, சிஞ்ஞோரா எஸ்தர், அவள் கையைப் பிடித்திருக்கிறாள். சாட்டைக்காரனின் தோளில் குஞ்சம் தொங்கும் வெள்ளைச் சால்வை. சிஞ்ஞோராவின் கணவர் பிரார்த்தனைக்குப் போர்த்திய இதேபோன்ற சால்வையை நேற்றுத்தான் ஞானம்பிகை மடித்து அலுமாரியில் வைத்தாள். "இஞ்சேருங்கோ, பூசினது போதும்" என்கிறாள். சிஞ்ஞோரா கையை விடுவித்துக்கொண்டு மெல்ல உள்ளே நடக்கிறாள். சாட்டைக்காரனிடமிருந்து சால்வையை எடுத்து, தூசு தட்டி, இயேசுவின் முன் போய் நிற்கிறாள். "இவனும் எங்கள் பிள்ளைதான்" என்கிறாள் இத்தாலிய மொழியில். போர்த்தக் கை உயர்த்துகிறாள், தோள் எட்டவில்லை. திரும்பி ஞானம்பிகையைப் பார்க்கிறாள். உள்ளறையிலிருந்து பாதிரியாரின் காலடிச் சத்தம் நெருங்குகிறது. கீர்த்திகன் வேண்டாமென்று தலையாட்டுகிறான். ஞானம்பிகைக்கு அந்தத் தோள் எட்டும்.