நாற்பத்தேழாம் வில்லை

வட பிரான்சின் சுரங்கக் கழிவு குவிந்த கரிக்குன்றுகளில் நடக்கும் ஓட்டப் போட்டிக்கு, அங்கே பழைய சுரங்கத்தில் இறங்கியவர்களின் வழக்கம்தான். ஓடப் போகிறவர் பலகையிலிருந்து தன் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துப்போவார். வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால்தான் தேட ஆள் போகும்.

சாயங்காலம் பலகை நிறைந்தது. தேடும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பலகையைக் கவனிக்கும் கஸிமிர் அறையைப் பூட்டச் சாவியை எடுத்தபோது, ஓடப் போன ஒடில் நொண்டிக்கொண்டு வந்து நாற்பத்தேழாம் வில்லையை நீட்டினாள். ஆணியில் நாற்பத்தேழு ஏற்கெனவே தொங்கியது.

"என்னம்மா, போலி அடிச்சு எங்கிட்டயே தள்ளப் பாக்குறியா? அரை மணி முன்னாடி நீதானே வந்து மாட்டுன?"

"யோவ், ரெண்டு மணி நேரமா காலு பிசகி மேல கெடந்தேன். ஒரு நாதி தேடி வரல. மாட்டுனவ மூஞ்சியப் பாத்தியா?"

"எல்லா மூஞ்சியும் கரியாத்தான இருந்துச்சு."

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தான். ஒரே நெளிவு, ஒரே கீறல். காலையிலிருந்து விடாத மழை. ஆணியில் இருந்ததில் மட்டும் உலர்ந்த கரித்தூள்.

கஸிமிர் மற்ற வில்லைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனான். இன்னும் ஐந்தில் தூள் விரலில் ஒட்டியது.

வெளியே, ஒடிலின் காரைத் தவிர, ஓட வந்தவர்களின் கார்கள் இன்னும் ஐந்து மழையில் நின்றன.