மைலேஜ் கேட்காதவர்

அந்தப் பெரியவர் மைலேஜ் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. சேல்ஸ்மேனுக்கு அதிலேயே போன உயிர் பாதி திரும்பி வந்துவிட்டது.

பெட்ரோல் விலை ஏறின ஏற்றத்தில், இப்போதெல்லாம் ஷோரூமுக்குள் கால் வைக்கிறவன் வண்டியின் நிறத்தைக்கூடப் பார்ப்பதில்லை. "லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?" என்பான், பதிலைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிடுவான். இவரோ காலையில் தாமாகவே போன் செய்து, "வீட்டுக்கே காரைக் கொண்டாந்து ஓட்டிக் காட்டுவீங்களாமே தம்பி?" என்று கேட்டிருந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான்.

அந்த மாதம் முழுக்க ஒரு கார்கூட நகரவில்லை. கார் விற்கிறவனே பைக்கை விற்றுவிட்டு சைக்கிளில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். ஊர் சிரிக்குமே என்று அதை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு மிடுக்காக நடந்து வருவான்.

"இன்னைக்கும் வெறுங்கையோட வந்தே, நாளையிலேர்ந்து வராதே. ஓட்டிக் காட்டுற பெட்ரோலும் உன் செலவுதான். வண்டி வித்தா திருப்பித் தரேன்" என்று மேனேஜர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். மகாபாவி! சமையல் கேஸுக்கு வைத்திருந்த பணத்தைத்தான் டேங்கில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தான் சேல்ஸ்மேன்.

பெரியவரும் அவர் மனைவியும் கிளம்பித் தயாராக வாசலிலேயே நின்றிருந்தார்கள். கொளுத்துகிற வெயிலிலும் அந்த அம்மாள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"நீங்க ஓட்டிப் பாருங்க சார்" என்று சாவியை நீட்டினான்.

"வேணாம் தம்பி, நீங்களே ஓட்டுங்க. இவளுக்குப் பின் சீட்டு தோதா இருக்கான்னுதான் பாக்கணும். பள்ளம் மேடு பாத்துப் போங்க, குலுங்கக் கூடாது."

ஆகா, வீட்டுக்காரிக்காக வண்டி வாங்குகிற ஆசாமி! இப்படிப்பட்டவர்களிடம் பேரமே இருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் முன்னால் நின்ற வண்டிகள் எல்லாம் இன்ஜினை அணைத்துக்கொண்டன. சாலையே துக்க வீடு மாதிரி அமைதியாகிவிட்டது. இவன் மட்டும் ஏசியைக் குறைக்க மனமில்லாமல் ஓடவிட்டுக்கொண்டு, இறங்குகிற பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீட்டு எப்படிம்மா இருக்கு?"

"சொகமா இருக்குப்பா. போன வண்டியில காலை நீட்டவே முடியல" என்றாள் அந்த அம்மாள்.

அடி சக்கை! ஏற்கெனவே கார் வைத்திருந்தவர்கள்! அவன் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"எந்தப் பக்கமா விடட்டும் சார்?"

"பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போங்க தம்பி. நல்ல ரோடு."

பெரிய ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. வாசலில் நிறுத்தியதும் பெரியவர் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினார்.

"வண்டி அருமை தம்பி. எங்களுக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு, நேரமாகும். நீங்க கிளம்புங்க, போன் பண்றோம்."

'போன் பண்றோம்' என்று சொன்ன எவனும் போன் செய்ததாகச் சரித்திரமே கிடையாது. சேல்ஸ்மேனுக்குப் பகீரென்றது.

"பரவால்ல சார், நான் இருக்கேன்" என்றான். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மனைவியோடு உள்ளே போய்விட்டார்.

காரை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான். "ஒரு பார்ட்டி மாட்டியிருக்கு. பெரிய இடம். சாயந்திரம் கேஸ் வாங்கிடலாம், பக்கத்து வீட்டுல போய் நிக்காதே" என்றான். மனைவியின் பெருமூச்சுதான் கேட்டது.

அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தான். ஆளை விட்டால் பிடிக்க முடியாது, ஒரு அட்வான்ஸாவது வாங்கிவிடவேண்டும் என்று உள்ளே போய், வார்டு வார்டாகத் தேடினான். ஒரு கதவின் கண்ணாடி வழியாக அந்த அம்மாள் தெரிந்தாள். கட்டிலில் படுத்திருந்தாள். ஸ்வெட்டரைச் சுருட்டிவிட்ட கையிலிருந்து இரண்டு குழாய்களில் ரத்தம் ஒரு இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

"யாருங்க வேணும்?" என்றாள் நர்ஸ்.

"அந்தம்மாவுக்கு என்னங்க?"

"கிட்னி ரெண்டும் போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் வந்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கணும். இருக்கிற வரைக்கும் இப்படித்தான்."

ஐயோ பாவமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வயிற்றுப்பாடு யாரை விட்டது? அடுத்த நொடியே அவன் கணக்குப் போட்டான்; போடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் இவ்வளவு தூரம் வரவேண்டிய உடம்பு. பஸ்ஸில் ஏற முடியாது. டாக்ஸிக்காரன் கேட்கிற வாடகைக்கோ சொத்தையே எழுதிவைக்க வேண்டும். சொந்தக் கார் இல்லாமல் இவர்களுக்குத் தீருமா? இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார்!

எத்தனை மணி நேரமானாலும் இருந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பெரியவர் இவனுக்கு முதுகைக் காட்டியபடி கட்டில் ஓரம் உட்கார்ந்து, மனைவியின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடியபடியே அந்த அம்மாள் கணவரிடம் கேட்டாள்:

"திரும்பிப் போக இன்னைக்கு எந்தக் கம்பெனி காருங்க?"