சுற்றி வந்த சினை நண்டு

"சோத்துல கை வச்சவ நாலு வாய் தின்னுட்டுப் போகக் கூடாதா? எப்பப் பாரு இவளுக்கு ஒரு அவசரம்."

கன்டெலாரியா பெரியம்மா இதைத் தணிந்த குரலில் சொல்லவில்லை. பந்தியின் நடுவே விலகிப் போய்க் கைகழுவிக்கொண்டிருந்த மருமகள் ஜோவெலினின் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் குடும்பம் மொத்தமும் கிமாரஸ் தீவின் கடற்கரையில் வந்து இறங்கியிருந்தது. நாட்டு வாதுமை மர நிழலில் மூங்கில் மேசை. மேசை நிறைய வாழையிலை. இலையின் நடுவே சோற்று மேடு. அதைச் சுற்றிச் சுட்ட மீன், கணவாய், இறால், புளிப்புக் காடியில் ஊறிய பச்சை மீன், கீறி வைத்த மாம்பழம். தட்டு கிடையாது. சுற்றி நின்று, அவரவர்க்கு எதிரே இருப்பதைக் கையால் எடுத்து உண்ண வேண்டியதுதான்.

பெரியம்மா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவள். உணவுக்கு முன் அவள் சொன்ன ஜெபம் ஊரிலுள்ள நோயாளிகள் அனைவரையும் தொட்டு, கப்பலில் வேலை செய்யும் தன் மகன் வரைக்கும் போய்த் திரும்பியது. "ஆண்டவருக்குக் கேட்டிருக்கும், அண்ணி. மீன் ஆறுது," என்று தியோபிலோ சித்தப்பா முனகிய பிறகே ஆமென் வந்தது.

சித்தப்பாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மேசையில் சினை நண்டு ஒன்றே ஒன்று. அது அவருக்கு நேரே கிடந்தது. தானாகக் கைவைத்தால் பேராசைக்காரன் என்பார்கள். ஆகவே யாராவது "நீயே எடுத்துக்கோ" என்று சொல்லக் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பெரியம்மாவும் அந்த நண்டை அடிக்கடி பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் ஜோவெலினுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அவள் அக்கரைக் கிராமத்தின் மருத்துவச்சி. யாருக்கோ தலைப்பிரசவம், நாள் முந்தி வலி கண்டுவிட்டதாம். படகுக்காரன் இயந்திரத்தை முடுக்கிவிட்டான். பிற்பகல் காற்று எழுந்து, நீரிணையில் அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. அந்தப் பருவத்துக் கடலை நம்பி அந்நேரம் யாரும் கிளம்புவதில்லை.

"போயிட்டு வரேன், அத்தை."

"போ, போ. உன்னை யார் தடுத்தா?"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். உண்ணும் நேரத்தில் ஒருவர் எழுந்து பயணம் போனால், மற்றவர்கள் தத்தம் தட்டை ஒரு முழுச் சுற்றுத் திருப்பி வைப்போம். போகிறவர் பத்திரமாய்ப் போய்ச் சேர. அன்றும் எல்லாருடைய கையும் தானாக முன்னே நீண்டது. நீண்ட கைகளுக்குக் கீழே தட்டு இல்லை. இலையைத் திருப்பினால் சோறு மணலுக்குப் போய்விடுமே என்று என் அக்கா நெனெத் சிரித்தாள்.

பெரியம்மாவின் புருவம் ஏறியது. காப்பது ஆண்டவரா, தட்டா என்று கேட்டாள். இத்தனை காலம் ஊருக்கெல்லாம் மறைக்கல்வி சொல்லியும் சொந்த வீட்டில் மூடநம்பிக்கை ஒழியவில்லையே என்றாள். நீண்ட கைகள் மடங்கின.

ஜோவெலின் முழங்கால் நீரில் நின்று ஒருமுறை திரும்பி மேசையைப் பார்த்தாள். எவரும் எதையும் திருப்பவில்லை. பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி படகில் ஏறிவிட்டாள்.

பந்தி களையிழந்தது. படகு முதல் பெரிய அலையில் ஏறி, மறுபக்கம் மறைந்து, மீண்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா, மேசை தன் பக்கம் சாய்கிறது, காடியெல்லாம் தன் உடுப்பில் வழிகிறது என்று குறைசொல்லத் தொடங்கினாள்.

"நாலு பேர் பிடிங்க. தூக்கித் திருப்பிப் போடுங்க."

குனிந்து பார்த்தேன். மேசை சாயவில்லை. அவள் உடுப்பிலும் ஒரு துளி இல்லை.

"மேசை சாயல, அண்ணி," என்றார் சித்தப்பா. "உங்க கண்ணுதான் நண்டுப் பக்கம் சாயுது."

"பேசாம உன் மூலையைப் பிடி, தம்பி."

பிடித்தோம். சோற்று மேடு சரியாமல், இறால் உருளாமல், மேசை மெல்லச் சுழன்றது. பாதிச் சுற்றில் நண்டு சித்தப்பாவின் இடத்தை விட்டு நீங்கிப் பெரியம்மாவுக்கு நேரே வந்து நின்றது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை நீள ஜெபம் சொன்ன வாய்க்கு ஒரு நண்டு இவ்வளவு பெரிதாகிவிட்டதா என்று என் மனமும் கேட்டது. சித்தப்பா பெருமூச்சோடு தன் மூலையை இறக்கப் போனார்.

"யார் இறக்கச் சொன்னது? திருப்பு. இன்னும்."

நண்டு பெரியம்மாவைக் கடந்து போனது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை; அவள் கண் கடலில் இருந்தது. மேசை முழுச் சுற்றும் சுற்றி, நண்டு மறுபடி சித்தப்பாவின் பழைய இடத்துக்கே வந்து நின்ற பிறகுதான் "போதும், இறக்குங்க" என்றாள்.

தொலைவில், படகிலிருந்து ஒரு கை உயர்ந்து அசைந்தது.

சித்தப்பாவுக்கு மட்டும் விளங்கவில்லை. "கிளம்பின இடத்துக்கே வந்து நிக்குதே, அண்ணி. இதுக்கா இந்தப் பாடு?"

பெரியம்மா நண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீயே எடுத்துக்கோ, தம்பி. தட்டு கொண்டாராத குடும்பத்துல வேற எதைத்தான் திருப்புறது?"