இரண்டே வரிப் பாட்டு

"பெயின்டரே! இது வீடா, கச்சேரி மேடையா?"

சோபாவில் சாய்ந்தபடியே மேனேஜர் குரல் கொடுத்தார். புது அறைக்குள் பாட்டு பட்டென்று நின்றது.

அலுவலகத்தில்தான் அவர் மேனேஜர். ஆனால் அந்தக் குரலை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

கூடத்தை ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்து அப்பாவுக்கென்று ஓர் அறை கட்டியிருந்தார். லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், "இந்தக் காலத்துல அப்பாவுக்குத் தனி ரூம் கட்டிக் கொடுக்கிற பிள்ளை எங்க சார் இருக்காங்க?" என்று கேட்கக் கேட்க, அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

பெயின்டரும் முதல் இரண்டு நாள் தங்கமான மனிதராகத்தான் இருந்தார். போர்டுகள் சேரும் இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்தார். பிரைமர் அடித்தார். வாயைத் திறந்தது, மேனேஜரின் மனைவி பளபளப்பான பெயின்ட் கேட்டபோது மட்டும்தான்.

"வேணாம்மா. போர்டு சுவருக்கு மேட் ஃபினிஷ்தான் சரி. பளபளப்பு இருந்தா ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொரு ஒட்டும் கோடு கோடாத் தெரியும்."

கலர் அட்டையை அப்பாவிடமும் நீட்டினார். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெளிர் மஞ்சளில் விரலை வைத்தார்.

"காலைல கண்ணைத் திறந்ததும் பாக்க நல்லா இருக்கும்."

"மஞ்சள்ல அழுக்கு பளிச்சுன்னு தெரியும் மாமா," என்றாள் மனைவி.

சாம்பல் நிறம் என்று முடிவாயிற்று. கூரைக்கு மட்டும் வெள்ளை.

இன்று மூன்றாம் நாள். மேனேஜருக்கு விடுமுறை. கூரை முடிந்து, சுவரில் ரோலர் உருள ஆரம்பித்திருந்தது. கணவனும் மனைவியும் சோபாவில் பேச உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில்தான் இந்தத் தொல்லை தொடங்கியது. பெயின்டருக்குத் தெரிந்ததே இரண்டு வரி. அதையே திருப்பித் திருப்பிப் பாடினார். சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

அப்பாவும் உள்ளேதான் இருந்தார். தன் அறை எப்படி வருகிறது என்று பார்க்க, தலையில் செய்தித்தாள் தொப்பியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார்.

பாட்டு நின்ற நிம்மதியில் மனைவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"சாம்பல் கலர்னா பிற்பாடு உங்களுக்கு ஆபீஸ் ரூமா ஆகும்ங்க. வீடியோ மீட்டிங்ல எடுப்பா இருக்கும்."

"பிற்பாடுன்னா எப்போ?"

"நான் என்ன ஜோசியமா பாத்தேன்? டாக்டர் சொன்னதை வெச்சுப் பாத்தா ஒரு வருஷம். மிஞ்சிப் போனா ஒன்றரை."

மேனேஜர் அவளை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை.

"அதுவரைக்கும் நாம மட்டும்தான் பாக்கணுமா? பாதி நாள் தங்கச்சி வீட்ல இருக்கட்டுமே. அவளும் பெத்த பொண்ணுதானே?"

உள்ளே பாட்டு மறுபடி கிளம்பியது. முன்னைவிடச் சத்தமாக.

மனைவி குரலை உயர்த்தினாள். "உங்க தங்கச்சியா? கூப்பிட்டா போனையே எடுக்க மாட்டா!"

பாட்டும் உயர்ந்தது.

"எதுக்கும் மேஜைக்கு இப்பவே அளவெடுத்து வெச்சிடலாம்!" என்று கத்தினார் மேனேஜர்.

பாட்டோடு இப்போது ஏணியில் தாளமும் சேர்ந்துகொண்டது.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. விருட்டென்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "கலர் நல்லா வந்திருக்குப்பா."

"பெயின்டரே, கொஞ்சம் வெளில வாங்க."

பெயின்டர் ரோலரைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி பால்கனிக்கு வந்தார்.

"எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? வயசான மனுஷன் உள்ள உட்கார்ந்திருக்கார், அந்த அறிவு வேணாம்? அவருக்கு நிம்மதி வேணும்னுதான் ரூமே கட்டினேன்!"

பால்கனிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பெயின்டர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். எனக்குப் பாட வராது. என் சம்சாரமே வீட்ல வாயைத் திறக்க விடமாட்டா."

"அப்புறம் எதுக்கு இந்த ரகளை?"

"அது செங்கல் சுவர் இல்லியே சார், போர்டுதானே. நீங்க கூடத்துல இருமினாக்கூட உள்ள கேக்குது."

மேனேஜரின் முகம் உள்ளே அடித்துக்கொண்டிருந்த பெயின்டின் நிறத்துக்கு வந்தது.

"அப்பாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு... நீங்களா பாடினீங்களா?"

"நானாப் பாடல சார்," என்றார் பெயின்டர் தரையைப் பார்த்தபடி. "ஐயாதான் பாடச் சொன்னாரு. 'தம்பி, என் பையன் ரொம்ப நல்லவன். அவன் பேசறது உன் காதுல விழுந்து நீ அவனைத் தப்பா நினைச்சுடக் கூடாது, சத்தமாப் பாடு'ன்னாரு."